பழைய எகிப்தியப் படநூல் ஒன்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பண்டைய எகிப்தியரின் அன்றாட வாழ்க்கையை நூற்றுக்கணக்கான படங்களோடு விவரிக்கும் மூன்று தொகுதிகளை உங்கள் தாத்தா விட்டுச் சென்றிருக்கிறார். முன்பக்கங்கள் பூச்சி அரித்துப் போய்விட்டன. முதுகில் வில்கின்சன் என்ற பெயர் மட்டும் தெரிகிறது. அடிக்குறிப்புகள் பலவற்றின் முடிவில் ‘எஸ். பி.’, ‘ஜி. டபிள்யூ.’ என்ற எழுத்துகள் இருக்கின்றன. விலைக்குக் கேட்டு வந்தவர் இது 1837ஆம் ஆண்டின் முதற்பதிப்பு என்று சொல்லியிருக்கிறார். இதற்கிடையே, அதிலுள்ள ‘கண்ணாடி ஊதும் தொழிலாளர்’ படத்தை உங்கள் மகள் பள்ளிக் கட்டுரையில் சேர்த்தபோது, பாரோக்கள் காலத்து எகிப்தியர் கண்ணாடி ஊதியதே இல்லை என்று ஆசிரியர் திருத்திவிட்டார். இது எந்தப் பதிப்பு, வண்ணப் படத்தாள்களைப் பிரித்துச் சட்டமிட்டு மாட்டலாமா, இந்த நூல் பொய் சொல்கிறதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். அடிப்படையில் இவை ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது: ஒரு பழைய நூலில் எதை, எந்த அளவுக்கு நம்புவது? பண்டைய வரலாறு பயின்று, பின்னர் ஒரு நூலகத்தின் அரிய நூல் பிரிவில் இத்தகைய படநூல்களைப் பட்டியலிடும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பதிப்பைப் பொறுத்தவரை, நீங்கள் தற்செயலாகக் குறிப்பிட்ட அந்த எழுத்துகளே போதுமான சான்று. நூலின் பெயர் ‘மேனர்ஸ் அண்ட் கஸ்டம்ஸ் ஆஃப் தி ஏன்ஷியன்ட் ஈஜிப்ஷியன்ஸ்’; எழுதியவர் சர் ஜான் கார்ட்னர் வில்கின்சன். முதல் வரிசை லண்டன் ஜான் முரே பதிப்பகத்தின் வழியாக 1837இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. சமயம், வேளாண்மை முதலியவற்றைப் பற்றிய இரண்டாம் வரிசை 1841இல் வந்தது. பொதுவாசகருக்கான இரண்டு தொகுதிச் சுருக்கம் 1854இல் வந்தது. வில்கின்சன் 1875இல் மறைந்த பிறகு, அவர் விட்டுச் சென்ற திருத்தங்களையும் சேர்த்துக்கொண்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கீழைத் தொல்பொருள் பிரிவுக் காப்பாளராக இருந்த சாமுவேல் பர்ச் 1878இல் புதிய பதிப்பை மூன்று தொகுதிகளில் கொண்டுவந்தார். அந்தப் பதிப்பில்தான், பர்ச் எழுதிய குறிப்புகளையும் வில்கின்சனின் குறிப்புகளையும் பிரித்துக் காட்டுவதற்காக இருவருடைய பெயரின் முதலெழுத்துகளும் இடப்பட்டன. ஆகவே உங்களிடம் இருப்பது 1837ஆம் ஆண்டின் முதற்பதிப்பு அல்ல என்பது உறுதி. 1878ஆம் ஆண்டுப் பதிப்பு அல்லது அதிலிருந்து எடுக்கப்பட்ட மறுஅச்சு என்பதும் உறுதி. லண்டன் அச்சா, நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் பின்னர் வெளிவந்த அமெரிக்க அச்சுகளில் ஒன்றா என்பதை மட்டும் முன்பக்கம் இல்லாத நிலையில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இறுதிப் பக்கத்தின் அடியிலோ முன்பக்கத்தின் எஞ்சிய துண்டின் பின்புறத்திலோ அச்சகத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கக்கூடும், அதைப் பாருங்கள்.

முதற்பதிப்பு இல்லையே என்று வருந்த வேண்டாம். படிப்பவருக்கு இந்தப் பதிப்பில் ஒரு தனி வசதி உண்டு. இதில் மூன்று காலங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அடியில் இருப்பவை கி.மு. இரண்டாயிரத்தையும் ஆயிரத்து ஐந்நூறையும் ஒட்டிய காலங்களில் தீட்டப்பட்ட கல்லறைச் சுவர்கள். அவற்றின் மேல் 1820களிலும் 1830களிலும் அவற்றைப் பார்த்து வரைந்து விளக்கிய வில்கின்சனின் குரல். அதற்கும் மேல், நாற்பது ஆண்டுகள் கழித்து அவரைத் திருத்தியும் வழிமொழிந்தும் எழுதிய பர்ச்சின் குரல். இம்மூன்றையும் பிரித்துப் படிக்கப் பழகிவிட்டால் இந்த நூல் இன்றும் பெரும் பயன் தரும். பிரிக்காமல் படித்தால் உங்கள் மகளுக்கு நேர்ந்ததுதான் எவருக்கும் நேரும்.

வில்கின்சன் யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் படங்களை எடைபோட முடியாது. 1797இல் பிறந்த அவர் 1821இல் எகிப்துக்குப் போனார். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கினார். இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், ஷேக் அப்துல் குர்னா குன்றில் உள்ள ஒரு பழைய அமைச்சரின் கல்லறையை ஒட்டியே வீடு கட்டிக்கொண்டு, அங்கிருந்து நாள்தோறும் அக்கம்பக்கத்துக் கல்லறைகளுக்குச் சென்று வரைந்தவர் அவர். மன்னர்களின் பள்ளத்தாக்கில் அப்போது தெரிந்திருந்த கல்லறைகளுக்கு 1827இல் ஒன்று முதல் இருபத்தொன்று வரை எண்ணிட்டவரும் அவரே. அந்த வரிசைதான் இன்றுவரை தொடர்கிறது. 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமுன் கல்லறையின் எண் 62 என்பது வில்கின்சன் தொடங்கிய எண்ணிக்கையின் நீட்சி. ஜான் ஃபிரான்சுவா ஷாம்பொலியான் 1822இல் சித்திர எழுத்துகளைப் படிக்கும் வழியை வெளியிட்டபோது வில்கின்சன் ஏற்கெனவே எகிப்தில் இருந்தார். அவருடைய நண்பர் எட்வர்டு லேன் அக்காலக் கெய்ரோ மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய நூலை 1836இல் வெளியிட, அடுத்த ஆண்டே பண்டைய எகிப்தியரைப் பற்றிய இந்த நூல் வந்தது. பாரோக்களின் போர்களையும் வம்சங்களையும் விட்டுவிட்டு ரொட்டி சுடுவோர், திராட்சை மிதிப்போர், செருப்புத் தைப்போர், மீன் பிடிப்போர் என்று சாதாரண மக்களின் வேலைகளை நூலின் நடுவில் வைத்தது அக்காலத்தில் மிகப் புதிய செயல். எனக்கு அவர் மேல் உள்ள மதிப்புக்கு இதுவே முதற் காரணம்.

நூலின் முழுத் தலைப்பு அவருடைய முறையை மறைக்காமல் சொல்கிறது: இன்னும் நிலைத்திருக்கும் ஓவியங்கள், சிற்பங்கள், நினைவுச் சின்னங்கள் ஆகியவற்றைப் பழைய ஆசிரியர்களின் கூற்றுகளோடு ஒப்பிட்டுப் பெறப்பட்ட செய்திகள் என்கிறது அது. பழைய ஆசிரியர்கள் என்றால் ஹெரோடோடஸ், டியோடோரஸ், புளூடார்க் முதலிய கிரேக்கர்கள். அதாவது, சுவரில் ஒரு படம் இருக்கும். அதன் பொருளைச் சொல்ல வேண்டிய சித்திர எழுத்துகள் அருகிலேயே இருக்கும். ஆனால் அவற்றைத் தடையின்றிப் படிக்கும் அளவுக்கு அப்போது எவருக்கும் தேர்ச்சி இல்லாததால், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தைய கிரேக்கரின் கூற்றைக் கொண்டு அந்த இடைவெளி நிரப்பப்படும். நூலின் பலமும் பலவீனமும் இதில் அடங்கியிருக்கின்றன. கண்ணால் பார்த்தது பெரும்பாலும் நிற்கிறது. பொருள் சொன்னது பல இடங்களில் விழுந்துவிட்டது.

இனி கண்ணாடிக்கு வருவோம். ஆசிரியர் சொன்னது சரி. மத்திய எகிப்தில் உள்ள பெனி ஹசன் கல்லறைகளின் சுவரில், நீண்ட குழாய்களை வாயில் வைத்துக்கொண்டு எதிரெதிரே அமர்ந்திருக்கும் மனிதர்களின் காட்சி இருக்கிறது. குழாயின் முனையில் உருண்டையாக ஏதோ தெரிகிறது. ஐரோப்பாவின் கண்ணாடிப் பட்டறைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உருகிய கண்ணாடியாகத் தெரிந்தது; வில்கின்சனும் அப்படியே எழுதினார். உண்மையில் அவர்கள் உலோக வேலை செய்பவர்கள். துருத்தி பரவலாவதற்கு முந்தைய காலத்தில், உலையின் நெருப்பை மூச்சால் ஊதித்தான் சூடேற்றினார்கள். நாணல் குழாய் தீயில் கருகாமல் இருக்க அதன் முனையில் களிமண் மூக்கு பொருத்தினார்கள். படத்தில் தெரியும் உருண்டை அந்தக் களிமண் மூக்குதான். இந்த முடிவுக்கு வேறு சான்றுகளும் துணை நிற்கின்றன. அந்தக் கல்லறைகள் கி.மு. 1900ஐ ஒட்டிய காலத்தவை. எகிப்தில் கண்ணாடிக் கலங்கள் கிடைக்கத் தொடங்குவதே கி.மு. 1500ஐ ஒட்டித்தான். அந்தக் கலங்களும் ஊதிச் செய்யப்பட்டவை அல்ல: களிமண் கலந்த கருவொன்றை வடித்து, அதன் மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி, ஆறிய பின் உள்ளிருக்கும் கருவைச் சுரண்டி எடுத்துச் செய்யப்பட்டவை. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1891-92இல் எகிப்தின் பழைய நகரமான அமர்னாவில் தோண்டியபோது கிடைத்த பட்டறைக் கழிவுகள் எகிப்தியக் கண்ணாடித் தொழிலைப் பற்றி நேரடியாகப் பேச வழி செய்தன. குழாயால் ஊதிக் கண்ணாடி செய்யும் முறை கி.மு. முதல் நூற்றாண்டில், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில்தான் தோன்றியது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, படம் தவறில்லை என்பது. எதிரெதிரே அமர்ந்த மனிதர்கள், குழாய்கள், நடுவில் நெருப்பு எல்லாம் சுவரில் இருந்தவைதான். தவறியது படத்துக்குக் கீழே எழுதிய விளக்கம். மகளிடம் அந்தப் படத்தை நீக்கச் சொல்லாதீர்கள். விளக்கத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். உலோகத் தொழிலாளர் நெருப்பை ஊதும் காட்சி என்று எழுதினால் ஆசிரியரும் ஏற்றுக்கொள்வார்.

இதற்கு நேர்மாறாக, வில்கின்சன் தன் காலத்தவரைவிட நிதானமாக நடந்துகொண்ட இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய லக்சர் பகுதியின் பழைய நகரமான தீப்ஸில் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறையில் செங்கல் அறுக்கும் காட்சி இருக்கிறது: குளத்திலிருந்து நீர் மொண்டு, மண் பிசைந்து, அச்சில் வார்த்துக் காயவைத்துச் சுமந்து செல்லும் அயல்நாட்டுக் கைதிகளை, கோலோடு ஒருவன் மேற்பார்க்கிறான். விவிலியத்தின் யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் செங்கல் அறுத்த செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், இது அவர்களுடைய படமே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் ஆர்வத்தோடு அச்சிட்டார்கள். வில்கின்சன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எபிரேயர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பகுதியின் எச்சங்கள் அழிந்துவிட்டன, அவர்களைச் சுவர்ச் சிற்பங்களில் எதிர்பார்ப்பது முறையாகாது, வேறு அயல்நாட்டுக் கைதிகள் அதே வேலையைச் செய்வதைப் பார்க்க முடிகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார். அமோன் என்ற தெய்வத்தின் கோயில் பணிக்காக மன்னர் பிடித்துவந்த கைதிகள் என்று அந்தச் சுவரின் எழுத்துகளே சொல்வதை இன்று நாம் படிக்க முடிகிறது. சான்று சொல்லாததைத் தானும் சொல்லாமல் இருந்தவர் என்பதால், அவர் விளக்கம் அனைத்தையும் ஒதுக்குவதும் சரியாகாது.

ஆனால் அதே விவிலியம் அவரை வேறோரிடத்தில் கட்டிப்போட்டது. எகிப்தின் முதல் மன்னர் மீனிஸின் காலத்தை இன்னும் முன்னே கொண்டுபோக முடியும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் நோவாவின் வெள்ளம் கி.மு. 2348இல் நிகழ்ந்தது என்ற அக்காலக் கணக்கோடு மோத விரும்பாததால் அதற்கு முன்னே போகவில்லை என்று, தீப்ஸ் நகரத்தைப் பற்றிய தம் 1835ஆம் ஆண்டு நூலில் அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். இன்று எகிப்து ஒரே அரசானது கி.மு. 3100ஐ ஒட்டி என்று கொள்கிறோம். மகா பிரமிடே அந்த வெள்ளக் கணக்குக்கு இரு நூற்றாண்டுகள் முந்தையது. ஆகவே உங்கள் நூலில் எந்த மன்னருக்கு எந்த ஆண்டு கொடுக்கப்பட்டிருந்தாலும் அதை எங்கும் மேற்கோள் காட்ட வேண்டாம். மன்னர் பெயர்களிலும் கவனம் தேவை. அதில் ஒசிர்தசென் என்று வருபவர் இன்று நாம் செனுஸ்ரெத் என்று அழைக்கும் மன்னர். தேடும்போது இந்தப் புதிய பெயரைப் பயன்படுத்துங்கள்.

சமயத்தைப் பற்றிய பகுதிகளை நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. வில்கின்சன் அவற்றை எழுதிய நாளில் எகிப்தியரின் சமய நூல்கள் அநேகமாகத் திறக்கப்படாதவை. ‘இறந்தோர் நூல்’ என்று இன்று நாம் அழைக்கும் தொகுப்புக்கு ரிச்சர்டு லெப்சியஸ் அந்தப் பெயரைச் சூட்டி வெளியிட்டது 1842இல். பிரமிடுகளின் உள்சுவரில் செதுக்கிய மிகப் பழைய மந்திரங்கள் காஸ்தோன் மாஸ்பெரோவின் காலத்தில் 1881இல்தான் வெளிப்பட்டன; அது உங்கள் பதிப்புக்கே பிந்தைய செய்தி. பர்ச் சித்திர எழுத்தில் பெரும் புலமை உடையவர், இறந்தோர் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ஆதலால் அவர் பெயரெழுத்துகள் கொண்ட குறிப்புகள் வில்கின்சனின் மூல வரிகளைவிடப் பல இடங்களில் முன்னேறியிருக்கும். எனினும் அவையும் 1878ஓடு நின்றுவிட்டவை. உடலைப் பதப்படுத்தும் முறையைப் பற்றிய பகுதியும் அப்படித்தான்: அது பெரும்பாலும் ஹெரோடோடஸையும் டியோடோரஸையும் சார்ந்தது. உடலை நேட்ரான் என்ற இயற்கை உப்பின் கரைசலில் ஊறவைத்தார்கள் என்ற கருத்து அக்காலத்தில் பரவலாக இருந்தது. உலர்ந்த நேட்ரான் உப்பில் புதைத்துத்தான் ஈரத்தை எடுத்தார்கள் என்பதை வேதியியலாளர் ஆல்பிரட் லூகாஸ் இருபதாம் நூற்றாண்டில் செய்த சோதனைகள் தெளிவாக்கின.

இவ்வளவு குறைகளையும் சொல்லிவிட்டு, இந்த நூலை இன்றும் ஏன் வைத்திருக்கச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம், அவர் வரைந்த சுவர்கள் அவர் கண்ட நிலையில் இன்று இல்லை. அவர் எகிப்தில் இருந்த ஆண்டுகளில் சின்னங்களைக் காக்கும் அரசுத் துறையென்று எதுவும் கிடையாது. ஒகஸ்த் மரியட்டின் தலைமையில் அது அமைந்தது 1858இல். எலிஃபன்டைன் தீவில் மூன்றாம் அமென்ஹோதெப் கட்டிய அழகிய கோயில் 1822இல் கல்லுக்காக இடிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பெருமைக்குரிய, நெபாமுன் என்பவரின் கல்லறை ஓவியங்கள் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவை. அந்தக் கல்லறை குன்றின் எந்த இடத்தில் இருந்தது என்பதே இன்று தொலைந்துபோய்விட்டது. கல்லறைகளில் குடும்பங்கள் வாழ்ந்தன, அடுப்பெரித்தன; புகை படிந்தது. வெட்டி விற்றவர்கள் ஒரு பக்கம், வௌவால் எச்சமும் உப்புப் பூப்பும் ஒரு பக்கம். இவற்றுக்கெல்லாம் முன்னால் அங்கே அமர்ந்து வரைந்த மிகச் சிலரில் வில்கின்சனும் ஒருவர். தொலைந்த தீப்ஸ் கல்லறைகளை மீட்டெழுத முயலும் அறிஞர்கள் இன்றும், ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் உள்ள அவருடைய கையெழுத்துக் குறிப்புகளையும் வரைபடங்களையும்தான் நாடுகிறார்கள்.

ஒரே ஒரு படத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பெரிய அமர்ந்த சிலையொன்றைச் சறுக்குக்கட்டையில் ஏற்றி, நான்கு வரிசையாக 172 பேர் கயிறு கட்டி இழுக்கும் படம் உங்கள் நூலில் இருக்கும். அது தேய்ர் எல்-பெர்ஷாவில், கி.மு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெஹுதிஹோதெப் என்ற மாவட்ட ஆளுநரின் கல்லறைச் சுவரிலிருந்து எடுத்தது. சிலையின் உயரம் 13 முழம் என்று சுவரின் எழுத்துகள் சொல்கின்றன. எகிப்திய அரச முழத்தின்படி அது ஏறத்தாழ 6.8 மீட்டர். சிலையின் மடியில் நின்று ஒருவன் கைதட்டித் தாளம் கொடுக்கிறான். அடியில் ஒருவன் சறுக்குக்கட்டைக்கு முன்னால் ஒரு கலத்திலிருந்து எதையோ ஊற்றுகிறான். ஊற்றுவது வழுக்கலுக்கான எண்ணெயா, வெறும் நீரா, அல்லது சடங்கா என்று நீண்ட காலம் விவாதித்தார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மணலில் சரியான அளவு ஈரம் இருந்தால் சறுக்குக்கட்டையை இழுக்கத் தேவையான விசை ஏறத்தாழ பாதியாகக் குறைவதைச் சோதித்துக் காட்டினார்கள். அதனால் நீர் என்ற விளக்கம் வலுப்பெற்றது. ஆனால் அந்த ஒரு மனிதன் அன்று ஊற்றியது நீர்தான் என்பதற்கு அது முடிவான சான்றாகாது, சடங்கு என்ற விளக்கத்தை அது விலக்கிவிடவும் இல்லை. அந்தக் கல்லறைச் சுவரோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிகவும் சேதமாகிவிட்டது. இன்று அந்தக் காட்சியை முழுமையாகப் பார்க்க விரும்புவோர் சேதத்துக்கு முந்தைய பழைய பிரதிகளின் துணையோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

படங்களை நம்பலாம் என்று நான் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. உங்கள் நூலில் எழுத்துகளுக்கிடையே வரும் சிறு படங்கள் பெரும்பாலும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை; எழுத்து அச்சோடு ஒரே அழுத்தத்தில் பதிக்க முடியும் என்பதால் அக்காலத்தில் இந்த முறை விரும்பப்பட்டது. சுவரில் ஆள் உயரத்துக்கு இருக்கும் காட்சி முதலில் தாளில் குறுகி, பிறகு கட்டையில் இன்னும் குறுகி, செதுக்குபவரின் கைப்பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டு நம்மிடம் வருகிறது. நிறம் அநேகமாகப் போய்விடுகிறது. ஆணுக்குச் செம்பழுப்பும் பெண்ணுக்கு இளமஞ்சளும் என்று எகிப்திய ஓவியர் கடைப்பிடித்த மரபு கறுப்புக் கோட்டில் தெரியாது. வெவ்வேறு கல்லறைகளின் பகுதிகள் ஒரே படத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. படத்தின் கீழே இடப்பெயர் இருக்கிறதா என்று பார்த்தால்தான் அது தெரியும். பெனி ஹசன் நெசவுக் காட்சிகளைப் பலர் பல காலங்களில் பிரதி எடுத்திருக்கிறார்கள். லிங் ராத் என்ற ஆய்வாளர் 1913இல் அவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, அவை நுணுக்கங்களில் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தரையில் படுக்கையாக விரித்த தறியை எகிப்திய ஓவியர் மேலிருந்து பார்ப்பதுபோல் தீட்டியிருக்க, பின்னாளில் பார்த்தவர்கள் அது நிமிர்ந்து நிற்கும் தறி என்று மயங்கியதும் உண்டு. ஆட்களின் எண்ணிக்கை, கருவியின் பொது வடிவம், வேலையின் வரிசை ஆகியவற்றுக்கு இந்தப் படங்களை நம்புங்கள்; இழை எண்ணிக்கை, முடிச்சு, முகபாவம் போன்றவற்றுக்கு நம்ப வேண்டாம்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பெர்த்தா போர்ட்டரும் ரோசலிண்ட் மாஸும் தொகுத்து 1927 முதல் வெளிவந்த எகிப்தியச் சின்னங்களின் இட அட்டவணை, ஆக்ஸ்போர்டின் கிரிஃபித் நிறுவனத்தின் வழியாக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தக் கல்லறையின் எந்தச் சுவரில் எந்தக் காட்சி, அதை யார் யார் பிரதி எடுத்தார்கள் என்று அதில் இருக்கும். வில்கின்சனின் படங்களும் அங்கே குறிக்கப்பட்டிருக்கின்றன. பெனி ஹசனுக்குப் பெர்சி நியூபெரி 1890களில் வெளியிட்ட தொகுதிகளையும், ரெக்மிரே கல்லறைக்கு நார்மன் டி கரிஸ் டேவிஸ் வெளியிட்ட பிரதிகளையும் அருகில் வைத்துப் பாருங்கள். மகளுக்கு இதில் ஆர்வம் இருந்தால், ஒரு படத்தை எடுத்துக்கொண்டு சுவர், வில்கின்சன், பர்ச், இன்றைய விளக்கம் என நான்கையும் எழுதச் சொல்லலாம். அந்த வயதில் ஒரு மாணவி செய்யக்கூடிய மிக நல்ல வரலாற்றுப் பயிற்சி அது என்பது என் கருத்து.

படத்தாள்களைப் பிரிக்கலாமா என்பதற்கு என் பதில், தயவுசெய்து பிரிக்க வேண்டாம் என்பதே. எழுத்தோடு சேர்ந்து அச்சான படத்தை வெட்டினால் முன்னும் பின்னும் உள்ள எழுத்தும் போய்விடும். தனித்தாளாகக் கோக்கப்பட்ட வண்ணப் படங்களையும் மடித்து வைத்த பெரிய தாள்களையும் எடுத்துவிட்டால் தொகுப்பு முழுமை இழக்கும். பழைய நூல் வாங்குவோர் முதலில் எண்ணிப் பார்ப்பது அவற்றைத்தான். விலையை நேரில் பார்க்காமல் சொல்வது முறையல்ல. முழுமை, கட்டமைப்பு, தாளின் நிலை ஆகிய மூன்றும் அதைத் தீர்மானிக்கும் என்பதை மட்டும் சொல்வேன். முதற்பதிப்பு என்று சொன்னவரின் கணக்கை எந்த வகையிலும் அடிப்படையாகக் கொள்ள வேண்டாம். சுவரில் மாட்டத்தான் வேண்டும் என்றால், படமெடுத்து அச்சிட்டு மாட்டுங்கள். மூலத்தை வெளிச்சத்தில் வைத்தால் வண்ணம் வெளிறிவிடும்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பூச்சி அரித்ததாகச் சொன்னதால் சிலவற்றைச் சொல்கிறேன். இராமபாணப் பூச்சி பசையையும் மாவையும் தேடி வருவது. பழைய கட்டுகளில் இரண்டும் இருக்கும். தொகுதிகளைச் சுவரை ஒட்டிய இரும்புப் பீரோவில் நெருக்கி அடைக்காமல், காற்றோட்டமான அலமாரியில், வெளிச்சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தி வையுங்கள். பாச்சை உருண்டையைத் தாள்களுக்கிடையில் வைக்க வேண்டாம். வெயிலில் காயவைக்கவே வேண்டாம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதும், மெல்லிய தாளை லேமினேட் செய்வதும், கட்டுக்கு ஃபெவிகால் பூசுவதும் பின்னால் எவராலும் சரிசெய்ய முடியாத சேதத்தை உண்டாக்கும். தோல் கட்டிலிருந்து செந்தூள் உதிர்ந்தால் எண்ணெய் தடவாமல், தூய பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். பழுப்புப் புள்ளிகளைத் தேய்த்து எடுக்க முயல வேண்டாம். அவை படிக்க இடைஞ்சல் செய்வதில்லை.

அடுத்ததாக, ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் உள்ள படப் பட்டியல் பூச்சிக்குத் தப்பியிருந்தால், அதோடு ஒப்பிட்டு வண்ணத் தாள்களும் மடிப்புத் தாள்களும் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இறுதிப் பக்கத்தின் அடிப்பகுதியையும், பெயரெழுத்துகள் உள்ள அடிக்குறிப்புப் பக்கம் ஒன்றையும் படமெடுத்து இங்கே பதிவிட்டால், லண்டன் அச்சா அமெரிக்க அச்சா என்பதைச் சொல்ல முயல்கிறேன்.